ஆடி அமாவாசையில் ஒரு ஈமு

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் நல்ல சுகம். நான் அனுப்பின இரவு வானப் படம் கிடைத்ததென்று எழுதியிருந்தாய். கூடவே "அப்பா, சரியான கறுப்பா இருக்கு, லைற் காணாது" என்றும் எழுதியிருந்தாய். அது பிழையில்லை, பிள்ளை. வேண்டுமென்றுதான் அப்படி விட்டேன். போனில் விளங்கப்படுத்தினால் பாதியிலே "மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

ஆடி அமாவாசை அன்றுதான் அதை எடுக்கப் போனோம். உன் அப்பப்பாவுக்கு விரதம். ஊரிலென்றால் கீரிமலையில் முழுகி, காத்தோட்டிக்காய்க் கறியோடு சாப்பிடுகிற நாள். மெல்பேர்ணில் காத்தோட்டிக்காய்க்கு எங்கே போக? அம்மா பாகற்காயோடு சமாளித்தா. காகத்துக்கு வைத்த சோற்றை ஒரு மக்பைக் குருவி வந்து தின்றுவிட்டுப் போனது. பத்தரைக்கே படைத்துச் சாப்பிட்டு, பிளேன்ரீ போத்தலும் இரண்டு கம்பளியுமாகக் காரில் ஏறிவிட்டோம். நிலவு இருந்தால் பால்வீதி வெளிறிப்போகும். வானத்தைப் படம் பிடிக்கிறவனுக்கும் அமாவாசைதான் வேண்டும்.

போன இடம் டிரெல் ஏரி. மெல்பேர்ணிலிருந்து வடமேற்கே கிட்டத்தட்ட 350 கிலோமீற்றர், சீ லேக் என்கிற சின்ன ஊருக்குப் பக்கத்தில். விக்டோரியாவின் மிகப் பெரிய உப்பு ஏரி அது. காரை விட்டு இறங்கியதும் அம்மா மூக்கை உறிஞ்சி, "ஆனையிறவு மணக்குது" என்றா. மெய்தான். அதே உப்புச் சேறு, அதே காற்று. மழைத் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு மேலால் நின்றது.

அந்த நிலம் பூரொங் என்கிற பூர்வகுடி மக்களுடையது. 1857இல் ஸ்டான்பிரிட்ஜ் என்கிற வெள்ளைக்காரர் அவர்களுடைய வானத்தைப் பற்றி மெல்பேர்ணில் ஒரு கட்டுரை வாசித்தார். அந்தப் பக்கம் நிலம் பிடித்தவர்களில் அவரும் ஒருவர். நிலத்தையும் எடுத்துக்கொண்டு, கதையையும் எழுதி வைத்திருக்கிறார். நன்றி சொல்வதா, கோபிப்பதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நட்சத்திர அறிவில் தங்களை மிஞ்ச ஆளில்லை என்று பூரொங் மக்களுக்குப் பெருமை இருந்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

கதை இதுதான். ச்சிங்கல் என்று ஒரு பெரிய ஈமு, தீக்கோழி மாதிரிப் பறக்காத பறவை. அது துரத்த, புன்யா என்கிறவன் ஈட்டிகளை மரத்தடியில் போட்டுவிட்டு மேலே ஏறிப் பொசம் என்கிற மரமேறும் விலங்காகிவிட்டான். தெற்கு வானத்தில் சிலுவை மாதிரி நிற்கிற நட்சத்திரக் கூட்டமான தென்சிலுவையின் உச்சி நட்சத்திரம் அவன்தான். பக்கத்தில் மின்னுகிற இரண்டு பெரிய நட்சத்திரங்களும் பிராம் சகோதரர்கள். ஈமுவைக் குத்திக் கொன்றவர்கள் அவர்கள். நூற்றறுபது வருடத்துக்கு மேலாக அச்சில் கிடக்கிற கதை என்பதால்தான் உனக்குச் சொல்கிறேன். பூர்வகுடிகள் தங்களுக்குள்ளேயே வைத்திருக்கிற கதைகளும் உண்டு. அவற்றை நாங்கள் தோண்டக் கூடாது.

இதில் புதினம் என்னவென்றால், நட்சத்திரங்களை ஈமு என்று அவர்கள் சொல்லவில்லை. நட்சத்திரம் இல்லாத இடம்தான் ஈமு. சிலுவையின் காலடியில் மை கொட்டினதுபோல ஒரு கறுப்புத் திட்டு, அதுதான் தலை. அங்கிருந்து ஒரு கறுப்புக் கழுத்து அந்த இரண்டு பெரிய நட்சத்திரங்களின் பக்கத்தால் நீண்டு, விருச்சிகத்தில் வயிறாகத் திரண்டு, தனுசு பக்கம் கால்களாகப் பிரிகிறது. அங்கே ஓட்டை ஒன்றும் இல்லை. தூசு மேகங்கள் பின்னால் இருக்கிற வெளிச்சத்தை மறிக்கின்றன. தலையாக இருக்கிற மேகம் ஏறத்தாழ 600 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது.

இருட்டுக்குக் கண் பழக அரை மணித்தியாலம் வேண்டும். நான் ரோச் லைற்றுக்குச் சிவப்புக் கடதாசி சுற்றி முக்காலியோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றேன். அம்மா கம்பளிக்குள்ளே இருந்துகொண்டு சொன்னா: "நட்சத்திரத்தைப் பாராதேங்கோ. இரவில பனங்கூடலைப் பாக்கிற மாதிரிப் பாருங்கோ." இரவில் பனங்கூடலுக்குள்ளே வானம்தான் வெளிச்சம், மரம் கறுப்பு. அப்படிப் பார்த்ததும் ஈமு எழும்பி நின்றது. ஒருமுறை கண்டபிறகு, காணாமல் இருக்க முடியவில்லை.

90இல் யாழ்ப்பாணத்தில் கரண்ட் போனபிறகு எங்களுக்கு இதைவிட இருட்டான இரவுகள் இருந்தன. ஆனால் அந்த வானத்தை நாங்கள் காதால்தான் பார்த்தோம், பொம்பர் வருகிறதா என்று. சித்திரை, வைகாசி இரவுகளில் தெற்கே தாழ்வாகத் திரிசங்கு, அதுதான் இந்தத் தென்சிலுவை, நின்றிருக்கும். கண்டதாக எனக்கு ஒரு நினைவும் இல்லை.

சரி, கமராவுக்கு வருகிறேன். நீ வாங்கித் தந்த 14 மில்லிமீற்றர் லென்ஸ் இல்லாவிட்டால் தலையும் காலும் ஒரே படத்துக்குள் வராது. துவாரம் 2.8, ஐஎஸ்ஓ 3200, 20 செக்கன். அதற்கு மேல் விட்டால் பூமி சுற்றுகிறதால் நட்சத்திரம் இழுபட்டுவிடும். ஓட்டோ ஃபோக்கஸை நம்பாதே. பிராம் சகோதரரில் ஒருவரைத் திரையில் பெருப்பித்து, புள்ளி ஊசிமுனையாகும் வரை கையால் திருப்பினேன். பனி லென்ஸில் படியாமல் அம்மாவின் கால்மேசைக்குள் சூட்டுப்பை வைத்துச் சுற்றினேன். அப்படி முப்பது படம் எடுத்து, ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினேன்.

போன வருடமும் எடுத்தேன், உனக்குக் காட்டவில்லை. கொம்பியூட்டரில் நிழலைக் கூட்டு, நிறத்தைக் கூட்டு என்று இழுத்து இழுத்து, பால்வீதி கலியாண வீட்டு லைற்மாதிரி ஊதாவும் ரோசாவுமாகப் போய்விட்டது. தூசு மண்ணிறமாகி, கழுத்து கரைந்துவிட்டது. அம்மா எட்டிப் பார்த்து "எங்கை உங்கட குருவி?" என்றா. இந்த முறை கறுப்பைத் தொடவே இல்லை. நீ வெளிச்சம் காணாது என்ற இடம்தான் பிள்ளை, படம்.

வடக்கே நியூ சவுத் வேல்ஸில் கமிலரோய் மக்கள் இதே ஈமுவைப் பருவத்துக்குப் பருவம் வேறு மாதிரிப் பார்க்கிறார்கள். ஏப்ரல், மே மாதங்களில் அது சோடி தேடி ஓடுகிற ஈமு. ஜூன், ஜூலையில் கால்கள் மறைந்து, முட்டைமேல் அடை இருக்கிற ஆண் ஈமு. நிலத்திலும் அப்படித்தான். தாய் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், தகப்பன்தான் எட்டுக் கிழமை அடைகாக்கும். அந்த நாட்களில் தின்பதும் குடிப்பதும் மிகக் குறைவு. நான் அப்பருக்காக ஒரு நேரச் சாப்பாட்டோடு இருந்துவிட்டு, சீ லேக் தாண்டும்போதே பசிக்குதென்று முனகியவன்.

உனக்கு ரொறொன்ரோவில் தலை வராது. தென்சிலுவை அங்கே அடிவானத்துக்கு மேல் ஏறுவதே இல்லை. ஆனால் அடுத்த கோடையில் சிநேகிதர்களோடு வடக்கே ஏரிக்கரைக்குப் போனால், நிலவில்லாத இரவாகப் பார்த்து, பத்து மணிக்குப் பிறகு நேர் தெற்கே தாழ்வாகப் பார். பால்வீதியில் கறுப்பாக ஒரு பிளவு தெரியும். அது வயிறும் காலும். கழுத்தும் தலையும் நான் அனுப்பிய படத்தில் இருக்கிறது. அறை லைற்றை நூர்த்துவிட்டு இன்னொருமுறை திறந்து பார்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: அம்மா இதை வாசித்துவிட்டு, ஈமுவை முதலில் கண்டது தான் என்றும், தன் கால்மேசையில் இப்போது ஓட்டை என்றும் எழுதச் சொல்கிறா.