கேளம்பாக்கம் நெரிசலும் நம் கடையில் வரும் மாறுதல்களும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வரும் 1-ஆம் தேதியிலிருந்து நம் ஹார்டுவேர் கடையில் சில மாறுதல்கள் வருகின்றன. கடை காலை 6 மணிக்கே திறக்கும். சிமென்ட், கம்பி, தண்ணீர் தொட்டி, 20 அடி பைப் இவை எதையும் இனி கடை வாசலில் ஏற்ற மாட்டோம். தையூர் பக்கம் உள்ள குடோனிலிருந்து நேராக உங்கள் சைட்டுக்கே வரும். மாலை 5 மணியிலிருந்து 8 மணி வரை எங்கள் லோடு வண்டி ஓடாது. கடை வாசலில் கார் நிறுத்த இடம் இருக்காது. இவற்றால் உங்களில் சிலருக்குச் சிரமம் இருக்கும் என்று தெரியும். அதனால்தான் காரணத்தை விரிவாகவே எழுதுகிறோம்.

கேளம்பாக்கம் சென்டரில் வண்டி நிற்பது உங்களுக்குப் புதிதில்லை. ஆனால் ஏன் இங்கே மட்டும் இப்படி என்று கேட்டால், பதில் ஊரின் அமைப்பிலேயே இருக்கிறது. ஊருக்குக் கிழக்கே உப்பளமும் கழிவெளியும் பக்கிங்காம் கால்வாயும். அந்தப் பக்கம் நினைத்த இடத்தில் எல்லாம் ரோடு போட முடியாது. சென்னையிலிருந்து வரும் ஓ.எம்.ஆரிலிருந்து (பழைய மகாபலிபுரம் சாலை) ஈ.சி.ஆருக்கு (கிழக்குக் கடற்கரைச் சாலை) போக வேண்டுமென்றால் சோழிங்கநல்லூரில் திரும்பலாம். அதை விட்டால் கேளம்பாக்கம், அதையும் விட்டால் திருப்போரூர். கோவளம் தர்காவுக்கும் மாதா கோயிலுக்கும் கடற்கரைக்கும் மேற்கேயிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் நம் ஊர் வழியாகத்தான் போகிறார்கள். மேற்கே வண்டலூர் ரோடு. புதுப்பாக்கம், மாம்பாக்கம், கண்டிகை என்று அந்த ரோடு நெடுக வீடுகளும் கல்லூரிகளும் வந்துவிட்டன. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு, வெளியூர் பஸ் பிடிக்கப் போகிறவர்களுக்கும் ஊர் திரும்புகிறவர்களுக்கும் அந்த வண்டலூர் ரோடே வழி.

வடக்கே மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை ஓ.எம்.ஆர் ஆறு வழிச் சாலை. அதைத் தாண்டினால் ரோடு சுருங்குகிறது. அந்த அகலத்தில் வேகமாக வந்த வண்டிகள் எல்லாம் ஊருக்குள் நுழையும்போது கடைகளும் பஸ் நிறுத்தமும் ஷேர் ஆட்டோவும் இருக்கிற தெருவுக்குள் நுழைகின்றன. திருப்போரூர் முருகன் கோயிலில் கிருத்திகை என்றால் அந்தக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். ஊருக்குள் வேலை இல்லாத வண்டிகளுக்குத்தான் படூரிலிருந்து தையூர் வரையிலான புறவழிச்சாலை. வண்டலூர் ரோட்டிலிருந்து கோவளம் ரோட்டுக்குப் போகிறவருக்கும், சாமான் வாங்க வருகிற உங்களுக்கும், சாமான் இறக்குகிற எங்களுக்கும் அது உதவாது. நாம் சென்டருக்குள் வந்தே ஆக வேண்டும்.

அப்படியானால் சென்டருக்குள் இருக்கிற ரோட்டை முழுசாகப் பயன்படுத்துகிறோமா? எங்கள் கல்லாவில் உட்கார்ந்து தினமும் பார்க்கிறோம், இல்லை. ஒரு லேன் என்பது சுமார் மூன்றரை மீட்டர் அகலம். கார் ஒன்று ஓரத்தில் நின்றால் ஏறக்குறைய 1.8 மீட்டர் போய்விடும். கதவைத் திறந்தால் மிச்சமும் போயிற்று. அதாவது நிற்பது ஒரு கார், அடைபடுவது ஒரு லேன். அதற்குப் பின்னால் நடப்பதுதான் பெரிய தொல்லை. ஓரத்தில் கார் நிற்பதால் பஸ் ஓரத்துக்கு வர முடியாமல் நடு ரோட்டில் நிற்கிறது. ஆள் ஏற ரோட்டுக்கே இறங்கி ஓடுகிறார்கள், கைக்குழந்தையோடு வருகிறவர்களும்தான். பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு போகிற ஷேர் ஆட்டோ அதன் முன்னாலேயே நிறுத்தி ஆள் ஏற்றுகிறது. இதற்குள் மீடியன் இடைவெளி வரை போகப் பொறுமையில்லாத பைக்குகள் எதிர்த்திசையில் வந்து முட்டி நிற்கின்றன. சிக்னல் பச்சை விழுந்தும் யாரும் நகர முடியாது.

பச்சை விளக்கு எரியும்போது ஒரு லேனில் சுமார் இரண்டு வினாடிக்கு ஒரு கார் வீதம் கடக்க முடியும். முப்பது வினாடியில் பதினைந்து கார். ஒரே ஒருவர் கடை வாசலிலிருந்து ரிவர்ஸ் எடுக்க அதே முப்பது வினாடி எடுத்துக்கொண்டால் அந்தப் பதினைந்து காரும் அடுத்த பச்சைக்குக் காத்திருக்க வேண்டும். அந்த வரிசையில் 108 ஆம்புலன்ஸும் இருக்கலாம். பெரிய மருத்துவமனை இருக்கிற ஊர் இது. சைரன் அடித்துக்கொண்டே ஆம்புலன்ஸ் அசையாமல் நிற்பதை நம் வாசலிலிருந்து பார்க்கும்போது வயிறு கலங்குகிறது. ரோட்டை அகலப்படுத்துவதும் சிக்னல் வைப்பதும் அரசாங்கத்தின் வேலை, அதைக் கேட்டுக்கொண்டேதான் இருப்போம். கடை ஓரம் காலியாக இருப்பது கடைக்காரன் கையில் இருக்கிறது.

பூக்காரம்மாவும் பழ வண்டிக்காரரும்தான் ரோட்டை அடைக்கிறார்கள் என்று பலர் சொல்கிறார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு கார் நிற்கிற இடத்தில் மூன்று தள்ளுவண்டி நிற்கும், அவற்றை நம்பி மூன்று குடும்பம் இருக்கும். 2014-ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டமே அவர்களுக்கென்று இடம் ஒதுக்கச் சொல்கிறது. முதலில் கடை வைத்திருக்கிற நாங்கள் ஓரத்தை விட வேண்டும்.

ஹார்டுவேர் கடைக்கு இதில் பங்கு அதிகம். எங்கள் சரக்கு அப்படி. பி.வி.சி. பைப் 20 அடி. கம்பி 40 அடி, இரண்டாக மடித்தாலும் 20 அடி. டாடா ஏஸில் ஏற்றினால் பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். ஆயிரம் லிட்டர் தொட்டியைக் கட்டி ஏற்ற இரண்டு ஆள் ரோட்டில் நின்றாக வேண்டும். சிமென்ட் லாரி வந்தால் கேட்கவே வேண்டாம். 50 கிலோ மூட்டை ஒவ்வொன்றாகத் தலையில் இறங்கி முடியும்வரை லாரி அங்கேயேதான் நிற்கும். இந்த வேலை எதுவும் சென்டரில் நடக்க வேண்டிய அவசியம் இல்லை. கடைக்கு வந்து பார்த்து, விலை பேசி, பில் போட்டுப் பணம் கட்டுங்கள். சாமானைக் குடோன் பையன்கள் காலை 7 மணிக்குள் ஏற்றிவிடுவார்கள். முந்தின நாள் இரவு 8 மணிக்குள் வந்த ஆர்டர் மறுநாள் காலை உங்கள் சைட்டில் இறங்கும். மேஸ்திரி வேலை தொடங்கும்போது மூட்டை அங்கே இருக்கும்.

படூர், தையூர், புதுப்பாக்கம், கோவளம் வரை லோடு வண்டிக்குத் தனி வாடகை கேட்க மாட்டோம். மாம்பாக்கத்துக்கும் திருப்போரூருக்கும் பழைய வாடகைதான்.

சின்னச் சாமானுக்கு வேறு ஏற்பாடு. ஒரு எல்போ, ஒரு டேப் ரோல், ஒரு கேட் வால்வு வாங்க பிளம்பர் பத்து மணிக்கு சைட்டை விட்டுக் கிளம்பினால், பைக்கில் வந்தாலும் திரும்பிப் போக ஒரு மணி நேரம் ஆகிறது. அன்றைக்கு அவர் கூலியில் அந்த ஒரு மணி நேரம் வீட்டுக்காரர் தலையில். இனிமேல் வேண்டியதைத் தாளில் எழுதிப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும், எங்கள் பையன் பைக்கில் கொண்டு வருவான். எண் உங்கள் பழைய பில்லின் மேலேயே இருக்கிறது. அளவு மட்டும் சரியாக எழுதுங்கள். முக்கால் இஞ்சா, ஒரு இஞ்சா, பைப் வகை சி.பி.வி.சி.யா, யு.பி.வி.சி.யா என்று ஒரு வரி இருந்தால் இரண்டு தடவை போன் பேச வேண்டியிருக்காது. பெயர் தெரியாத பொருளாக இருந்தால் பழைய பொருளின் படத்தையே அனுப்பலாம், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து.

நேரில்தான் பார்த்து வாங்க வேண்டும் என்கிறவர்கள், குறிப்பாக டைல்ஸ், பாத்ரூம் ஃபிட்டிங்ஸ், பெயின்ட் நிறம் பார்க்கிறவர்கள், காலை 6 முதல் 8 வரையோ மதியம் 1 முதல் 4 வரையோ வாருங்கள். அந்த நேரத்தில் ரோடும் லேசாக இருக்கும், எங்களுக்கும் உங்களோடு நின்று பேச நேரம் இருக்கும். கடைக்குப் பின்பக்கச் சந்தில் இடத்தைக் காலி செய்து வைத்திருக்கிறோம். பைக்குகள் தாராளமாக நிற்கும், கார் இரண்டு நிற்கலாம். வாசலில் எங்கள் ஆள் ஒருவர் வழி காட்டுவார். "அஞ்சு நிமிஷம்தான் தம்பி" என்று அவரிடம் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். அவர் மறுத்தால் அது நாங்கள் சொல்லிக்கொடுத்ததுதான், அவர்மேல் கோபிக்க வேண்டாம். வயதானவர்களையும் நடக்க முடியாதவர்களையும் வாசலில் இறக்கிவிட்டுப் போகலாம், அதற்குத் தடை இல்லை.

மாலை நேரத்து லோடு பற்றிச் சிலர் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள். கான்கிரீட் போடுகிற அன்று சாயங்காலம் சிமென்ட் குறைந்தால் என்ன செய்வது என்று. நியாயமான கேள்வி. அப்படிப்பட்ட நாளில் முன்கூட்டியே சொல்லுங்கள், ஐந்து மூட்டை கூடுதலாகக் காலையிலேயே இறக்கி வைக்கிறோம். பிரிக்காத மூட்டையை மறுநாள் நாங்களே திருப்பி எடுத்து, முழுப் பணத்தையும் கணக்கில் வரவு வைப்போம். ஈரம் பட்ட மூட்டையை மட்டும் எடுக்க இயலாது. ரெடிமிக்ஸ் (ஆலையிலேயே கலந்து வண்டியில் வரும் கான்கிரீட்) வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: கலவை போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் அது இறங்க வேண்டும். மாலை நெரிசலில் சென்டரைத் தாண்டி வரும் வண்டியை நம்பி ரூஃப் வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம். நாங்கள் அதை விற்பதில்லை, ஆனாலும் உங்கள் வீடு நன்றாக நிற்க வேண்டும் என்ற அக்கறையில் சொல்கிறோம்.

பக்கத்துக் கடைக்காரர்களிடமும் பேசியிருக்கிறோம். சிலர் சரி என்றார்கள், சிலர் வியாபாரம் போய்விடும் என்று தயங்குகிறார்கள். அவர்கள் பயம் எங்களுக்கும் புரிகிறது. வாசலில் வண்டி நிற்கவில்லையென்றால் ஆள் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்ற பயம் எந்தக் கடைக்காரனுக்கும் உண்டு. அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். வாசலைக் காலியாக வைத்திருக்கிற கடை எதுவானாலும், நம் கடை என்றில்லை, நாலு அடி கூடுதலாக நடந்து அங்கே போய் வாங்குங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடை காலை 6 முதல் மதியம் 1 வரை மட்டும். கடன் கணக்கு உள்ள மேஸ்திரிகளும் கான்ட்ராக்டர்களும் இனி குடோனிலேயே சலானில் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளலாம், கடைக்கு வரத் தேவையில்லை. சந்தேகம் இருந்தால் காலை நேரத்தில் போன் செய்யுங்கள்.

இப்படிக்கு,
உரிமையாளரும் ஊழியர்களும்,
கேளம்பாக்கம்