மேல் ஸ்தாயிப் புள்ளிகள் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் சிறுவர் பக்கத்தில் 'ஸ்ரீ கணநாத' என்ற கர்நாடக இசைக் கீதத்தை ஸ்வரத்தோடு போட்டிருந்தீர்கள். பாட்டுப் பாடத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கியது பெரிய விஷயம். என்னிடம் படிக்கும் பிள்ளைகள் மூன்று பேர் அதைக் கத்தரித்து நோட்டில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஆனால் ஸ்வரத்தை மேலே பாடுவதா, நடுவிலா, கீழேயா என்று காட்டும் ஸ்தாயிப் புள்ளி அச்சில் ஒன்றுகூட இல்லை.

கீதத்தின் தொடக்கம் இது: ம ப | த ஸ ஸ ரி || ரி ஸ | த ப ம ப ||. இதில் வரும் ஸ, ஸ, ரி, ரி, ஸ ஐந்தும் மேல் ஸ்தாயி. ஐந்தின் தலையிலும் புள்ளி வேண்டும். அதை அடுத்து வரும் 'ரி ம | ப த ம ப' என்பதில் உள்ள ரி மத்திய ஸ்தாயி, அதற்குப் புள்ளி கிடையாது. புள்ளியை எடுத்துவிட்டால் இரண்டு ரியும் ஒன்றாகிவிடுகின்றன. போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அச்சில் இருந்தபடியே பாடிக் காட்டினாள். தைவதத்திலிருந்து, அதாவது த-விலிருந்து, ஏறுவதற்குப் பதில் கீழே இருக்கும் மத்திய ஸ்தாயி ஸ-வுக்குச் சறுக்கி இறங்கினாள். குழந்தை அச்சில் இருந்ததைச் சரியாகத்தான் பாடினாள்.

மேற்கத்திய ஐந்து கோட்டு முறையில் ஸ்வரம் எந்தக் கோட்டில் உட்கார்ந்திருக்கிறது என்பதே அதன் ஸ்தாயியைச் சொல்லிவிடும். நம் முறையில் அந்த வேலை முழுவதையும் ஒரு புள்ளி செய்கிறது. அதனால்தான் இதை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

கட்டுரையாளர் புள்ளி வைத்துத்தான் அனுப்பியிருப்பார், வழியில் விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன். என் குருவின் கையெழுத்து நோட்டுகளைக் கணினியில் ஏற்ற உட்கார்ந்தபோது எனக்கும் இதேதான் நடந்தது. எங்கெங்கே விழுகிறது என்று சொன்னால் உங்கள் பக்க வடிவமைப்பாளருக்கு உதவும்.

முதலில் நான் மெய்யெழுத்துப் புள்ளியையே மேல் ஸ்தாயிக்குப் போட்டேன். ஸ, ப இரண்டுக்கும் பார்வைக்குச் சரியாக வந்தது. ரி, நி வந்ததும் மாட்டிக்கொண்டேன். மேல்விலங்கு போட்ட எழுத்துக்குப் பிறகு மெய்ப்புள்ளி வருவது தமிழில் கிடையாது என்பதால் கணினி அதை ஏற்காமல், பக்கத்தில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தைப் போட்டு அதன் தலையில் புள்ளியை வைத்தது. இதற்கென்றே யூனிகோடில் தனிக் குறிகள் இருக்கின்றன: மேல்புள்ளிக்கு எண் 0307, கீழ் ஸ்தாயிக்கு எழுத்தின் அடியில் வைக்கும் கீழ்ப்புள்ளிக்கு 0323. வேர்டில் எழுத்தை அடித்து, ஒட்டினாற்போல் இந்த எண்ணையும் அடித்து, ஆல்ட்டோடு எக்ஸை அழுத்தினால் புள்ளி ஏறிவிடும்.

அப்புறம் எழுத்துரு. தமிழ் எழுத்துரு பலவற்றில் இந்தப் புள்ளிகள் இல்லை. அப்போது கணினி வேறொரு எழுத்துருவிலிருந்து கடன் வாங்கி வைக்கிறது. ஸ-வின் நடுத்தலையில் நிற்கவேண்டிய புள்ளி வலப்பக்கம் நகர்ந்து நிற்கும், ரியில் மேல்விலங்கின் வளைவுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டியது என்றால் இன்னும் மோசம். புள்ளி வைத்த ஸ்வரங்களை அந்தந்த எழுத்துரு தன் வசதிக்கு ஏதோ ஓர் இடத்தில் வைத்திருக்கும். எழுத்துரு மாறியதும் புள்ளி போவதோடு வேறு எழுத்தே வந்து நிற்கும்.

சில நேரம் புள்ளி போகவே இல்லை, கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. வரி இடைவெளியை 'எக்ஸாக்ட்லி' என்று வைத்து நெருக்கினால் மேல்புள்ளிகளின் தலை வெட்டுப்படும். இது தெரியாமல் வர்ணம் என்ற நீண்ட உருப்படி ஒன்று முழுவதற்கும் மறுபடி புள்ளி வைத்தேன், இரண்டு நாள் போயிற்று. நெருக்கத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஸ்வரத்தின் கீழ்ப்புள்ளியும் அதற்கடியில் பாட்டின் சொற்கள் வரும் சாகித்திய வரியில் உள்ள மெய்யெழுத்தின் புள்ளியும் ஒட்டிக்கொள்ளும். மந்திர ஸ்தாயி எனும் கீழ் ஸ்தாயி எது, 'ன்' எது என்று குழந்தைக்கு எப்படித் தெரியும்? ஸ்வர வரிக்கும் சாகித்திய வரிக்கும் நடுவில் தாராளமாக இடம் விடச் சொல்லுங்கள்.

இரண்டாம் காலத்துக்கு, அதாவது இரட்டை வேகத்துக்கு, ஸ்வரங்களின் மேல் போடும் கோடும் இப்படித்தான். அதை எழுத்தின் அலங்காரமாகப் போட்டால் வாட்ஸாப்பில் ஒட்டும்போது உதிர்ந்துவிடும். ஸ்பேஸ் தட்டித் தட்டி நேராக்கிய தாளக் கோடுகள் இணையப் பக்கத்தில் ஏற்றியதும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துவிடும். அட்டவணைக் கட்டங்களுக்குள் எழுதினால் நகராது. நான் இப்போது யாருக்கு அனுப்பினாலும் பிடிஎஃப் ஒன்றும் சேர்த்தே அனுப்புகிறேன், அதில் பார்த்து ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

1904ல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' அச்சானபோது, ஸ்தாயிப் புள்ளி மட்டுமில்லை, ஸ்வரத்தை அசைக்கும் கம்பிதத்துக்கு ஒரு குறி, மேலே வழுக்கும் ஏற்ற ஜாருவுக்கு ஒரு குறி, கீழே வழுக்கும் இறக்க ஜாருவுக்கு ஒரு குறி என்று கமகங்கள் எனும் இந்த அசைவுகளையும் ஸ்வரத்தோடு ஏற்றினார்கள். எல்லாம் தெலுங்கு எழுத்தில், கையால் கோத்த அச்சில்! அதை நினைக்கும்போது ஐந்து புள்ளிகளைக் காப்பாற்ற முடியவில்லையே என்று மனசு கேட்கவில்லை.

உங்களிடம் இரண்டு கேட்கிறேன். ஸ்வரம் வரும் பக்கங்களை அச்சுக்கு அனுப்புமுன் பாடத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் பாடச் சொல்லுங்கள். எழுத்துப்பிழை பார்ப்பவர் கண்ணுக்கு இந்தப் பிழை படாது, ஏனென்றால் அங்கே எழுத்து எதுவும் தப்பாக இல்லை. அடுத்தது, வரும் இதழில் அந்தக் கீதத்தை அதே அளவில், புள்ளிகளோடு மறுபடி போடுங்கள். கணினியில் வரவில்லை என்றால் கையால் எழுதிப் படமாகப் போட்டாலும் போதும். பழையதன் மேல் ஒட்டிக்கொள்ள மூன்று நோட்டுகள் என்னிடம் காத்திருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு பாட்டு டீச்சர்,
ஸ்ரீரங்கம்.