மலருக்கு அம்மா எழுதுவது

தண்டையார்பேட்டை
ஞாயிறு

அன்பு மலர்,

போன் எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் எழுதுகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பெரியம்மா வீட்டுப் பிரச்சினை ஒருவழியாக முடிந்தது. வேளைக்குச் சாப்பிடு. பாஸ்போர்ட்டை உன் கையிலேயே வைத்துக்கொள்.

ட்யூஷன் பிள்ளைகளுக்கு இந்த வாரம் பிரைமேட் பாடம், குரங்கும் மனிதனும் சேர்ந்த விலங்கு வகை. சிங்கப்பூர் புக்கிட் தீமா காட்டில் நீ எடுத்தனுப்பிய நீளவால் குரங்குப் படத்தைக் காட்டித்தான் ஆரம்பித்தேன். முன்பக்கம் பார்க்கும் கண்கள், எதையும் பற்றிக்கொள்ளும் கை, தட்டையான நகம், அம்மா வயிற்றை விடாத ஒற்றைக் குட்டி, எல்லாம் அந்த ஒரு படத்திலேயே இருந்தது. என் மகள் எடுத்தது என்று பெருமையாகச் சொன்னேன். விலங்கியலில் 200க்கு 198 வாங்கியவளுக்கு அம்மாவுக்கு நாலு வரி எழுத முடியவில்லை.

மடகாஸ்கர் லெமூர், ஜப்பானில் பனியில் வாழும் குரங்கு என்று போய்க்கொண்டிருந்தபோது ஒரு பையன் கேட்டான்: "குட்டி வளர்ந்ததும் எங்கே மிஸ் போகும்?" சிம்பன்சியில் பெரும்பாலும் பெண்தான் பிறந்த கூட்டத்தை விட்டுப் போகும், மகன் அங்கேயே இருப்பான். புதிதாக வருகிறவளை அந்தக் கூட்டத்துப் பெண்கள் லேசில் சேர்ப்பதில்லை, விரட்டி அடிப்பதும் உண்டு. நம் ஊர் நாட்டுக் குரங்கிலும் உன் படத்துக் குரங்கிலும் நேர்மாறு. ஆண் வெளியே போகும், பெண் கடைசிவரை அம்மா கூட்டத்தில்தான். அவளிடம் யாராவது சண்டைக்கு வந்தால் அம்மாவும் அக்காவும் துணைக்கு வந்துவிடுவார்கள். இந்த இரண்டு வம்சமும் பிரிந்து 2½ கோடி வருடமாவது இருக்கும். இரண்டு முறையிலும் பிள்ளைகள் பிழைத்துத்தான் வருகின்றன. பெண் என்றால் போன இடத்தில் பொறுத்துக்கொள்வதுதான் இயற்கை என்று யார் சொன்னாலும், பெரியம்மாவே சொன்னாலும், கேட்காதே.

மாப்பிள்ளையிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. எப்போது கூப்பிட்டாலும் "தூங்குகிறாள் அத்தை" என்கிறார். பகல் 11 மணிக்கு என் மகள் தூங்க மாட்டாள்.

சம்பளம் உன் பெயரில் உள்ள கணக்கிலேயே இருக்கட்டும். மாடி அறைக்கு ஃபேன் மாற்றியாயிற்று. ஏர்போர்ட்டிலிருந்து மெட்ரோ நேராகத் தண்டையார்பேட்டைக்கே வருகிறது, மாறி ஏற வேண்டியதில்லை. அப்பாவுக்குச் சொல்ல வேண்டியதை நான் சொல்லிக்கொள்கிறேன். அக்கம்பக்கத்துக்கும் நானே சொல்லிக்கொள்கிறேன்.

சாப்பிடு. பாஸ்போர்ட் பத்திரம்.

அம்மா