பீரோவுக்கு முட்டுக் கொடுத்தாயா

அன்பு மகள் ஜெனிக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. பெரியத்தை வீட்டு விஷயம் அப்படியே கிடக்கிறது. நீ பேசி இன்றோடு இருபத்திரண்டு நாள். குறையாகச் சொல்லவில்லை, வேலை இருக்கும்.

படுக்கும் அறையில் இருக்கும் பீரோவைச் சுவரோடு சேர்த்துத் திருகாணி போட்டாயா? 1995 ஜனவரி 17 விடியற்காலை 5.46க்கு நீ இருக்கும் அந்தக் கோபேயில் பூமி ஆடியபோது, அந்த வட்டாரத்தில் மொத்தம் 6,434 பேர் போனார்கள். பெரும்பாலானோர் வீடு சரிந்தும் சாமான் விழுந்தும் நசுங்கித்தான் போனார்கள். சைமனிடம் சொல்லிப் போடச் சொல். கட்டிலுக்குக் கீழே செருப்பு இருக்கட்டும், தரையெல்லாம் கண்ணாடியாகக் கிடக்கும்.

உனக்கு ஜப்பானில் அந்த ஊரில் வேலை கிடைத்தபோது தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். நான் எஞ்சின் அறைக் கரியோடு இறங்கி நடந்த ஊரில் என் மகள் அலுவலகம் போகிறாள்! 1868 புத்தாண்டு அன்று வெளிநாட்டுக் கப்பல்களுக்குத் திறந்துவிட்ட துறைமுகம். 1893இல் பம்பாய்க்கும் கோபேக்கும் கப்பல் ஓடத் தொடங்கியதே நம் நாட்டுப் பருத்திக்காகத்தான். ஊருக்குப் பின்னால் நிற்கும் ரொக்கோ மலைத் தண்ணீர் பூமத்திய ரேகை தாண்டினாலும் கெடாது என்று மாலுமிகளிடம் பேச்சு உண்டு. நாங்களும் தொட்டி நிறைய ஏற்றியிருக்கிறோம். வழி கேட்டால் மலைப்பக்கம், கடல்பக்கம் என்றுதான் கை காட்டுவார்கள். உனக்கும் அப்படித்தான் சொல்கிறார்களா? நீ எதையும் எழுதுவதில்லை.

ஒருமுறை காயல்பட்டினத்து செகண்ட் எஞ்சினியர் வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகும்போது என்னையும் கூட்டிப்போனார். அங்குள்ள இந்திய வணிகர்களும் பணம் போட்டு 1935இல் கட்டிய பள்ளிவாசல் அது. உலகப் போரில் குண்டு விழுந்து சுற்றிலும் எரிந்தபோதும் நின்றது, 95இலும் நின்றது. மெரிக்கன் பூங்காவில், உடைந்த துறைமேடையில் ஒரு அறுபது மீட்டரை, சாய்ந்த விளக்குக் கம்பத்தோடு அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். ஒருநாள் போய்ப் பார். எனக்காகப் பார்.

போன தடவை சைமன் பெயர் வந்ததும் நீ பேச்சை மாற்றினாய். அம்மா கவனிக்கவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. ஆனால் பெற்றவர்களை இப்படி நாள்கணக்கில் தவிக்க விடலாமா?

இதை எழுதிவிட்டு எழுந்து போய்விட்டேன். திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த 95இல் எங்கள் கப்பல் கோபேயை விட்டது ஜனவரி 15 சாயங்காலம். பூமி ஆடியபோது நாங்கள் கொரியாவில் பூசான் பக்கம் இருந்தோம். கம்பெனியில் கேட்டால் கப்பல் எங்கே என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அம்மா ஒன்றரை வயது உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு முக்கு எஸ்டிடி பூத்தில் ஒன்பது நாள் காத்திருந்தாள். பூசானில் போன் கிடைக்கவில்லை என்று இத்தனை வருஷமாகச் சொல்லி வந்திருக்கிறேன். கிடைத்தது. இரண்டு தடவை பூத்து வாசல்வரை போய்த் திரும்பினேன். நாலு மாதச் சம்பளத்தைச் சீட்டாட்டத்தில் விட்டிருந்தேன். அவள் சங்கிலியை மீட்க வைத்திருந்த பணம். உயிரோடு இருக்கிறேன் என்று சொன்னால் அடுத்து அதைக் கேட்பாளே என்று பயந்தேன். அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

சொல்ல முடியாத ஒன்று இருந்தால் போனைத் தொடக் கை வராது. எனக்குத் தெரியும், ஜெனி.

வாடகை வீட்டில் ஆணி அடிக்க விடமாட்டார்கள் என்றால், பீரோவுக்கும் கூரைக்கும் நடுவில் முட்டுக் கொடுக்கும் கம்பி அங்கே கடையில் கிடைக்கும். திருகினால் இறுகிக்கொள்ளும். ஒரு ஆளே போட்டுவிடலாம், நீயே போட்டுக்கொள்.

அம்மா ஒன்பது மணிக்கெல்லாம் படுத்துவிடுகிறாள். உனக்கு அப்போது பன்னிரண்டரை. நான் போனோடு திண்ணையில்தான் இருப்பேன்.

அப்பா