போன் பேட்டரி மாற்ற ஏன் ஒரு நாள் கேட்கிறோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

"பேட்டரி மாத்த ஒரு நாளா? முன்னெல்லாம் நின்னுக்கிட்டே வாங்கிட்டுப் போவேனே!" வாரத்துக்கு நாலு பேராவது இப்படிக் கேட்கிறீர்கள். கேட்பது நியாயம்தான். கூட்ட நேரத்தில் விளக்கிச் சொல்ல முடிவதில்லை என்பதால் இந்த மடல்.

2003-ல் வந்த நோக்கியா 1100 உங்களில் பலரிடம் இருந்திருக்கும். பின்மூடியை அழுத்தித் தள்ளினால் உள்ளே பிஎல்-5சி பேட்டரி. நகத்தால் நெம்பினால் வந்துவிடும். தண்ணீரில் விழுந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டுப் போனை அரிசிக்குள் புதைத்தோம். (போனைக் காப்பாற்றியது அரிசி இல்லை, கழற்றிய பேட்டரிதான்.)

அந்தப் பேட்டரிக்குக் கெட்டியான உலோகக் கூடு உண்டு, பையில் போட்டுக்கொண்டு திரியலாம். இப்போது வருவது ஊறுகாய் பாக்கெட் மாதிரி மெல்லிய உறைக்குள் இருக்கிறது. கூடு போனது, போனும் அகலமானது. பேட்டரி எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்ற கணக்கில் அன்று 850 எம்ஏஎச், இன்று சாதாரண செட்டிலேயே 5000. ஆனால் அந்த உறையில் ஒரு ஓட்டை விழுந்தால் தீப்பிடிக்கலாம். அதனால்தான் பேட்டரி ஆடாமல் அசையாமல் பசை போட்டு ஒட்டி, மேலே மூடியையும் ஒட்டிவிடுகிறார்கள்.

தண்ணீர் போகாமல் இருக்கத்தான் ஒட்டுகிறார்கள் என்றும் சொல்வதுண்டு. அது பாதி உண்மை. 2014-ல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்5-ன் மூடியைக் கையாலேயே திறக்கலாம், ரப்பர் வளையம் வைத்து ஐபி67 என்ற தூசி, தண்ணீர் தாங்கும் தரத்தில் தண்ணீரையும் தாங்கியது. அடுத்த வருஷம் வந்த எஸ்6-ல் கண்ணாடி முதுகு, திறக்கவே முடியாது. பேட்டரியும் 2800-லிருந்து 2550 ஆகக் குறைந்தது, அந்தத் தண்ணீர்த் தரமும் இல்லை. பார்க்க அழகாக இருந்தது, அவ்வளவுதான்.

கழற்ற முடிவதன் அருமை இன்னொரு இடத்திலும் தெரிந்தது. 2007-ல் சார்ஜ் ஏறும்போது சூடாகலாம் என்று 4 கோடியே 60 லட்சம் பிஎல்-5சி பேட்டரிகளை மாற்றித் தருவதாக நோக்கியா அறிவித்தது. பேட்டரியில் உள்ள எண்ணைப் பார்த்து அதை மட்டும் கொடுத்தால் போதும், போன் நம் கையிலேயே இருக்கும். 2016-ல் கேலக்ஸி நோட் 7 பேட்டரிகள் தீப்பிடித்தபோது போனையே திரும்ப வாங்க வேண்டியதாயிற்று.

சரி, எங்கள் மேசைக்கு வருவோம். உங்கள் செட்டில் சார்ஜ் 25 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகே திறப்போம். முதுகை மெல்லச் சூடாக்கிப் பசையை இளக வைத்து, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை (பிக்) ஓரமாக நுழைக்க வேண்டும். சில மாடல்களில் கைரேகை ஃப்ளெக்ஸ், அதாவது கைரேகை சென்சாரின் மெல்லிய பட்டை வயர், மூடியோடு வரும். ஒருமுறை அவசரத்தில் அதைக் கிழித்துவிட்டு எங்கள் காசில் மாற்றிக் கொடுத்தோம். அன்றிலிருந்து யார் அவசரப்படுத்தினாலும் கேட்பதில்லை. பேட்டரியைப் பெயர்த்து, பழைய பசையைச் சுரண்டி, புதுப் பசை வைத்துக் கிளிப் போட்டால் ராத்திரி முழுக்கக் காய வேண்டும். பிளாஸ்டிக் மூடி செட் என்றால் ஒரு மணி நேரத்தில் தந்துவிடுவோம். எதுவானாலும் ஒருமுறை திறந்த செட்டை நம்பித் தண்ணீரில் நனைக்காதீர்கள்.

எப்போது மாற்றுவது? ஐபோன் 14 வரைக்கும் 500 முழுச் சார்ஜ் சுற்றுக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவு என்பது ஆப்பிளின் கணக்கு. 15 முதல் 1000 சுற்று. இன்று பாதி, நாளை பாதி ஏற்றினால் அது ஒரு சுற்று. மதியத்துக்கே சார்ஜ் தீர்கிறதா, கொண்டுவாருங்கள். மூடியோ டிஸ்ப்ளேயோ தூக்கி நின்றால் பேட்டரி உப்பிவிட்டது என்று அர்த்தம்: சார்ஜ் போடாதீர்கள், அமுக்காதீர்கள், அன்றைக்கே வாருங்கள்.

செட்டைக் கொடுக்கும்போது சிம்மைக் கழற்றிக்கொள்ளுங்கள். அந்த ஒரு நாளைக்கு வைத்துக்கொள்ள எங்களிடம் இரண்டு பழைய 1100 இருக்கிறது, சின்ன சிம்மை அதில் பொருத்த அடாப்டரும் தருகிறோம். ஜியோ சிம் மட்டும் அதில் எடுக்காது. மற்ற சிம் என்றால், மூடியைத் தள்ளிப் பேட்டரியைத் தூக்கி நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் செல்போன் சர்வீஸ் கடை