மகளுக்கு மாலைதீவில வேலை

உவர்மலை,
திருகோணமலை.
ஞாயிறு இரவு

அன்புள்ள வனஜா,

உன்ர குரல் பதிவெல்லாம் கேட்டனான். பதில் போடாததுக்குப் பெரிய காரணம் ஒண்டும் இல்லை, பஞ்சிதான். போனில கதைச்சால் நீ இடையில பூந்து உன்ர கதையைத் தொடங்கிவிடுவாய், நான் சொல்ல வந்தது அந்தரத்தில நிக்கும். அதனால எழுதிறன். படம் எடுத்து அனுப்புவன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருந்து வாசி. பஸ்ஸில நிண்டு வாசிக்கிற கடிதம் இல்லை இது.

இஞ்ச எல்லாரும் சுகம். மாமியும் சுகம், அதாவது காலமை எழும்பினதில இருந்து எல்லாருக்கும் புத்தி சொல்லுறா. அவருக்கு முழங்கால் நோ. ஆனால் மக்கேசர் மைதானத்தில ஃபுட்போல் எண்டால் அந்த நோ எங்கயோ போயிடும். கோட்டை மான்கள் இப்ப பஸ் நிலையம் வரைக்கும் வந்து சனத்திட்ட வாழைப்பழத்தோல் கேட்டு நிக்குதுகள். எங்கட ஞானம் ரீச்சர் இருந்திருந்தால் அதுகளையும் வரிசையில நிப்பாட்டிச் சொல்வதெழுதுதல் குடுத்திருப்பா.

விசயத்துக்கு வாறன். அபிக்கு மாலைதீவில வேலை கிடைச்சிருக்கு. ஆங்கில ரீச்சர், ஒரு வருஷ ஒப்பந்தம். தீவின்ர பேர் மாமிக்கு இன்னும் வாயில வரேல்லை, ‘அந்தத் தண்ணிக்குள்ள’ எண்டுதான் சொல்லுறா.

முதல் இவள் கொரியாவுக்குத்தான் விண்ணப்பம் போட்டவள், தெரியுமே? பட்டம் இருக்கு, அதுக்கு மேல 120 மணித்தியாலப் பயிற்சிச் சான்றிதழும் எடுத்தவள். ஏஜென்சிக்காரன் கேட்ட முதல் கேள்வி, “பாஸ்போட் எந்த நாடு?” அதோட கதை முடிஞ்சுது. அங்க ஆங்கிலம் படிப்பிக்கிறவைக்குக் குடுக்கிற ஈ-2 விசா பெரும்பாலும் ஏழு நாட்டுக்காரருக்குத்தானாம்: அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா. அந்த நாட்டுக்காரர் பட்டத்தை எந்தப் பாடத்தில எடுத்திருந்தாலும் பரவாயில்லை. மாடு வளர்ப்பில எடுத்திருந்தாலும் சரி. இவள் நாலு வருஷம் ஆங்கிலத்தையே கரைச்சுக் குடிச்சவள், இவள் சரிவராது. உன்னட்ட இருக்கிறது கனடாப் பாஸ்போட். நீ போட்டிருந்தால் அந்த முதல் கேள்வியைத் தாண்டியிருப்பாய். அதே உவர்மலை, அதே ஞானம் ரீச்சர், அதே இங்கிலிஷ்! எனக்கு வந்த கோவத்துக்கு அண்டைக்கு சோறு அடிப்பிடிச்சது.

மாலைதீவுக்காரர் அப்பிடியில்லை. அவையின்ர மொழியான திவேஹியையும் சமயத்தையும் விட்டால் மிச்சப் பாடமெல்லாம் அங்க ஆங்கிலத்திலதான். படிப்பிக்க ஆள் காணாமல் இந்தியாவிலயிருந்தும் எங்கட நாட்டிலயிருந்தும் எடுக்கிறவை. அதனால இவளுக்குக் கெதியா வந்திட்டுது. வந்த அண்டைக்கு இரவு, கோப்பை கழுவிக்கொண்டு நிக்கேக்க என்னட்டக் கேட்டாள்: “அம்மா, உண்மையைச் சொல்லுங்கோ. அங்க படிப்பிச்சது உங்களுக்கு மனநிறைவாய் இருந்ததா?”

நான் சம்பளத்தைப் பற்றிச் சொன்னன். அவள் சிரிச்சிட்டுப் போயிட்டாள். அதில இருந்து எனக்கு நித்திரை இல்லையடி.

2022இல நான் மாலைதீவுக்குப் படிப்பிக்கப் போனது ஆசிரியப் பணியின்ர மகிமைக்காக இல்லை எண்டு உனக்குத் தெரியும். மார்ச் தொடக்கத்தில டொலர் 200 ரூபாய், மே மாதம் 360. கடன் ஒருபக்கம், காஸ் வரிசை ஒருபக்கம். அந்த நேரம் பார்த்துத்தான் அரசாங்கம் 5 வருஷம் வரைக்கும் சம்பளமில்லா லீவில வெளிநாடு போய் உழைக்கலாம் எண்டு சுற்றறிக்கை விட்டது. ரீச்சர்மாரை வைச்சிருக்க வழியில்லாத நாடு, ‘போய் டொலர் அனுப்புங்கோ’ எண்டு கதவைத் திறந்து விட்டது. போனன். அங்கயும் சம்பளம் அவையின்ர காசான ருஃபியாவிலதான். பாங்குப் பலகையில டொலர் 15.42 எண்டு வடிவா எழுதியிருக்கும், அந்த விலைக்குக் கேட்டால் இல்லை எண்டுவினம். வெளியில வாங்கினால் கூடக் குடுக்கோணும். இதெல்லாம் அபிக்குச் சொல்லிப்போட்டன். காசுக்கணக்கு அவளுக்கு விளங்கும், அவள் கேட்டது அது இல்லை.

வகுப்புக்குள்ள நான் சந்தோசமாய் இருந்தனான், வனஜா. இதை அவருக்குக்கூட இவ்வளவு வெளிப்படையாய்ச் சொன்னதில்லை. கரையால சுத்தி நடந்தால் அரை மணித்தியாலத்தில முடியிற தீவு. ஞாயிறு தொடங்கி வியாழன் வரை பள்ளிக்கூடம். எங்கட வகுப்பில பாதிக்கும் குறைஞ்ச பிள்ளையள். காலமை மாஸ் ஹுனி, அதுதான் மாசியும் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பிசைஞ்சது, எங்கட சம்பலின்ர தங்கச்சி. எங்கட பெடியளுக்கு ‘ஃபான்’ எண்டு சொல்ல வராது, ‘பான்’ எண்டு சொல்லுவாங்கள், நான் வருஷக்கணக்காய் அதோட மல்லுக்கட்டினனான். அந்தப் பிள்ளையளுக்கு அந்த ஓசை தாய்மொழியிலயே இருக்கு. ஆனால் அவையின்ர எழுத்து வலப்பக்கத்தில இருந்து இடப்பக்கம் போறது. கீழ்வகுப்புப் பிள்ளையொண்டு தன்ர ஆங்கிலக் கொப்பியைக் கடைசிப் பக்கத்தில தொடங்கி வைச்சிருந்தது, நான் அதை அப்பிடியே விட்டிட்டன்.

ஒன்பதாம் வகுப்பில ஒரு பெடியன். பேர் வேண்டாம். வாயே திறக்க மாட்டான், கேள்வி கேட்டால் மேசையைப் பார்ப்பான். ஒருநாள் சூரை மீன் எப்பிடிப் பிடிக்கிறது எண்டு சும்மா கேட்டன். எனக்கு உண்மையாவே தெரியாது. நாங்கள் திருக்கடலூருக்குப் பக்கத்தில பிறந்து வளர்ந்தும் மீனைச் சந்தையில கண்டதோட சரி. அவன் எழும்பி நிண்டான். வலையே இல்லையாம், ஒவ்வொரு மீனாய்த் தடியாலதானாம். முதல் சின்ன மீனை உயிரோட பிடிச்சு வைச்சிருந்து கடலில எறிவினமாம். படகில இருந்து தண்ணியை விசிறிக்கொண்டே இருப்பினமாம், கீழ நிக்கிற சூரை மேல மீன்கூட்டம் துள்ளுது எண்டு ஏமாறட்டும் எண்டு. கொக்கியில எதிர்முள் கிடையாதாம், தூக்கின வேகத்தில மீன் தானாய்க் கழண்டு படகுக்குள்ள விழுமாம். இவ்வளவும் ஆங்கிலத்தில! காலம் பிழை, பன்மை பிழை, கொக்கிக்குச் சொல் தெரியாமல் விரலை வளைச்சுக் காட்டினான். பாட மணி அடிச்சும் ஒருத்தரும் எழும்பேல்லை. ஞானம் ரீச்சர் பழக்கின சிவப்புப் பேனை என்ர கையில இருந்தது, நான் அதை மூடியே வைச்சிருந்தன். ரீச்சருக்குத் தெரியாத ஒண்டைச் சொல்லேக்கதான் பிள்ளை மொழியைக் கையில எடுக்குது எண்டு எனக்கு விளங்கின நாள் அது. பயிற்சிக் கலாசாலையில இதை ஒருத்தரும் சொல்லித் தரேல்லை.

அவன் பத்தாம் வகுப்பில ஓ லெவல் எழுதேக்க நான் அங்க இல்லை. ஒப்பந்தம் முடிஞ்சு வேறை தீவு. பிறகு இன்னொண்டு. ஒவ்வொரு இடத்திலயும் பிள்ளையள் வாய் திறக்கிற நேரத்தில நான் பெட்டி கட்டினன். அவன் என்ன எடுத்தான், இப்ப கடலுக்குப் போறானோ, ரிசோட்டில வேலை செய்யிறானோ, ஒண்டும் தெரியாது. வனஜா, எனக்கு உறுத்துறது இதுதான். வேலையில ஒரு குறையும் இல்லை. வருஷத்துக்கு வருஷம் அதை நடுவில அறுத்தெடுக்கிற அந்தத் தாள்தான் குறை.

இதையே அபியிட்டச் சொன்னன். அவள் உடன திருப்பிக் கேட்டாள்: “இஞ்ச மட்டும் என்னம்மா? நாலைஞ்சு வருஷத்துக்கொருக்கா இடமாற்றம் வருகுதுதானே?” வாயை அடைச்சுப்போட்டாள். உண்மைதான். ஆனால் இஞ்ச எங்க மாத்தினாலும் மாவட்டத்துக்குள்ளதான் சுத்திறம். பாலங்கள் வர முந்தி மூதூருக்கு லோஞ்சில போய் வந்து படிப்பிச்சனே, நீ கூட ‘கடற்படைத் தளபதி’ எண்டு பகிடி பண்ணுவாய். அந்த வகுப்புப் பிள்ளை ஒண்டு இப்ப தாதி. மாமியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது ஊசியோட வந்து நிண்டு, “மிஸ், நீங்கள் இன்னும் சொல்வதெழுதுதல் வைக்கிறனீங்களோ?” எண்டு கேட்டாள். மாமிக்கு ஊசி போட்டது தெரியவே இல்லை, அவ்வளவு கதை.

இன்னொண்டும் சொல்லோணும், இது கொஞ்சம் கசப்பு. சின்னவன் ஓ/எல் எழுதின வருஷம் நான் அங்க ஊரான் பிள்ளையளை ஓ லெவலுக்கு ஆயத்தம் பண்ணிக்கொண்டு இருந்தனான். அவனுக்கு ஆங்கிலத்துக்கு ‘சி’. ஆங்கில ரீச்சரின்ர மகனுக்கு! மாமி இதைக் கோயில்ல காணுற ஆக்களுக்கெல்லாம் சொல்லி முடிச்சிட்டா. என்ர பழைய பள்ளிக்கூடத்தில நான் போன பிறகு பதிலுக்கு ஆள் வரேல்லை, அபிவிருத்தி உத்தியோகத்தர் பிள்ளை ஒண்டுதான் பாடத்தைப் பார்த்திருக்கு. பாவம், அந்தப் பிள்ளையில பிழையில்லை.

நீயும் வெளிநாட்டில ஆங்கிலம் படிப்பிக்கிறவள்தான். ஆனால் உன்னை ஒருத்தரும் அப்பிடிச் சொல்லுறதில்லை, என்ன? கனடாவுக்குப் புதுசாய் வந்தவைக்கு மொழி படிப்பிக்கிற லிங்க் வகுப்பு, 1992இல தொடங்கின திட்டம், 12 படிநிலை எண்டெல்லாம் நீ விளங்கப்படுத்தேக்க நான் கொட்டாவி விட்டனான், மன்னிச்சுக்கொள். ஆனால் அந்தச் சிரியாக்காரக் கிழவி தனிய பஸ் ஏறிப் போய் டொக்டரிட்டத் தன்ர நோவைத் தானே சொன்னவ எண்டு நீ அழுதழுது அனுப்பின பதிவை நான் இன்னும் அழிக்கேல்லை. உன்ர ஆக்கள் குடியுரிமை எடுத்தால் அந்த வகுப்பில இருக்க ஏலாதாம், ஆனால் எங்க போயிடப்போகினம்? அதே ஸ்காபரோ, அதே கடை. நீ மரக்கறி வாங்கப் போனால் கண்டு கதைப்பினம். எனக்கு அதில பொறாமை, ஒளிக்கேல்லை.

எங்கட அப்பா சொல்லுவாரே, யோசேப் கல்லூரியில படிப்பிச்ச அமெரிக்கப் பாதர்மாரைப் பற்றி. ஹேபர்ட் பாதர் லூசியானாவில பிறந்தவர், 1948இல இஞ்ச வந்தவர். முதல் திருகோணமலை, பிறகு மட்டக்களப்பு மைக்கேல் கல்லூரி. பெடியளுக்குக் கூடைப்பந்து பழக்கிப் பழக்கி இஞ்சயே கிழவனானவர். 1990 ஆகஸ்டில வாழைச்சேனையில இருந்து மட்டக்களப்புக்குப் போற வழியில காணாமல் போனவர், கூடப் போன தமிழ்ப் பெடியனும்தான். இண்டைக்கு வரைக்கும் ஒரு தகவலும் இல்லை. அவரும் வெளிநாட்டுக்குப் படிப்பிக்க வந்த ஆள்தான். நான் அபியைப் பாதராகச் சொல்லேல்லை, பயப்பிடாத. வருஷ ஒப்பந்தத்தில வந்த ஆளை அப்பா இந்த வயசிலயும் பேர் சொல்லி நினைச்சிருக்க மாட்டார் எண்டுதான் சொல்லுறன்.

போகாத எண்டு அவளுக்கு நான் சொல்லப்போறதில்லை. இஞ்ச நிண்டு என்ன செய்யப்போறாள்? பட்டதாரி நியமனம் எப்ப வரும் எண்டு இவளோட படிச்சதுகள் பதாகை பிடிச்சு நிக்குதுகள். இவளுக்கு 24 வயசு, கடனும் இல்லை, கட்டின மனுசனும் இல்லை. நான் போன மாதிரி நெஞ்சில கல்லோட போகத் தேவையில்லை. நான் சொல்லப்போறது ஒண்டுதான்: தீவு மாறாத. மாலேக்கு அண்மையாய் வா, ருஃபியா கூடத் தாறம் எண்டு வேறை பள்ளிக்கூடம் கூப்பிடும், போகாத. ஏழாம் வகுப்பொண்டை எடுத்தால் அதைப் பத்தாம் வகுப்பு வரை கொண்டு போ, அதுக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொல்லி நீயே போய்க் கேள். நாலு வருஷம். மாமி இதைக் கேட்டால் என்னை வீட்டால கலைப்பா, அவள் ஒரு வருஷத்தில வந்து கலியாணம் கட்டுவாள் எண்டு கணக்குப் போட்டு வைச்சிருக்கிறா.

என்ர வாயால சொன்னால் தாய் சொல்லுற புத்தியாய்ப் போயிடும், அவள் தலையை ஆட்டிப்போட்டுத் தன்ர பாட்டுக்குச் செய்வாள். நீ சொன்னால் கேப்பாள். சனிக்கிழமை உனக்குக் காலமையில எடு, எங்களுக்குப் பின்னேரம், மாமி கோயிலுக்குப் போயிருப்பா. அபியோட தனியக் கதை. உன்ர வகுப்பைப் பற்றிச் சொல்லு, நீ முதல் இரண்டு வருஷம் விட்டிட்டு ஓடப் பார்த்ததையும் சொல்லு. என்னை நல்ல ரீச்சர் எண்டு புகழ வேண்டாம், அவள் நம்பமாட்டாள். அந்தப் புடவைக்கடைக் கதையை மட்டும் சத்தியமாய்ச் சொல்லிப்போடாத, நான் இவ்வளவு காலம் காப்பாத்தி வைச்சிருக்கிறன்.

அன்புடன்,
சாந்தி

பி.கு.: அடுத்த மாதம் எங்கட ஒழுங்கையில இருந்து ஒருத்தர் ரொறன்ரோ வாறார். மாசி ஒரு கிலோ குடுத்து விடுறன். அவர் சாப்பாட்டுச் சாமானை ஒளிக்காமல் பத்திரத்தில எழுதுற ஆள். நீ போன முறை சுங்கத்தில அதை மரக்கட்டை எண்டு சொல்லி நிண்ட நிலையை அவருக்கும் சொல்லி வைச்சிருக்கிறன்.