எங்கள் கிரேயைச் சாம்பலாக்கிவிட்டீர்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முப்பது வருடங்களுக்கும் மேலாகத் தங்கள் இதழைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறேன். குறை சொல்லி எழுதுவது எனக்குப் பிடித்த வேலை இல்லை. ஆனால் இந்த முறை எழுதாமல் இருக்க முடியவில்லை.

சென்ற வார இதழில் வாய்ப் புற்றுநோய் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். அதன் மூன்றாவது பத்தியில், அறுவை சிகிச்சை முடிந்த நோயாளிக்கு ஆறு வாரங்களில் மொத்தம் '60 சாம்பல்' கொடுக்கப்படும் என்று இருக்கிறது. முதலில் அச்சுப் பிழை என்று நினைத்தேன். இரண்டு பத்தி தள்ளி மறுபடியும் 'ஒரு நாளைக்கு 2 சாம்பல்' என்று வருகிறது. அப்புறம்தான் புரிந்தது. ஆங்கிலத்தில் கதிரின் அளவைச் சொல்ல 'கிரே' என்று இருந்ததை நிறத்தின் பெயர் என்று எண்ணி யாரோ, அல்லது ஏதோ ஒரு கணினி, தமிழாக்கியிருக்கிறது. அதை ஒருவரும் படித்துப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

எங்கள் தெருவில் ஒருவருக்குக் கன்னத்தில் ஆபரேஷன் முடிந்து, அடுத்த வாரம் முப்பது நாள் கதிர் சிகிச்சை தொடங்க வேண்டும். அவருடைய மகள் நல்ல எண்ணத்தில் தங்கள் கட்டுரையை அப்பாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டியிருக்கிறாள். மறுநாள் காலையில் அவர் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். "அக்கா, என்னைச் சாம்பலாக்கத்தான் போறாங்களா?" என்று கேட்டார். நம் ஊரில் சாம்பல் என்றால் எது நினைவுக்கு வரும் என்று தங்களுக்குத் தெரியாததல்ல. அந்த மனிதரைச் சமாதானப்படுத்த எனக்கு ஒரு மணி நேரம் ஆனது.

நான் 1988 முதல் 2016 வரை ஒரு மருத்துவமனையில், கோபால்ட் என்ற உலோகத்திலிருந்து வரும் கதிரை நோயாளிக்குக் கொடுக்கும் கோபால்ட் மெஷினில் வேலை பார்த்த டெக்னீஷியன். சேர்ந்த புதிதில் எங்கள் பெரிய டாக்டர் சீட்டில் '200 ராட்' என்றுதான் எழுதுவார். மெல்ல மெல்ல அது 'சென்டிகிரே' ஆனது, பிறகு 'கிரே' ஆனது. நூறு ராட் ஒரு கிரே. ஒரு கிலோ திசு ஒரு ஜூல் ஆற்றலை வாங்கிக்கொண்டால் அது ஒரு கிரே. இருபத்தெட்டு வருடமாக இந்தச் சொல்லை ஒவ்வொரு நோயாளியின் சிகிச்சை அட்டையிலும் எழுதியிருக்கிறேன். ஆகவே அது யார் பெயர் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

லூயி ஹெரால்ட் கிரே. 1905-ல் லண்டனில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் ரூதர்ஃபோர்டின் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் படித்த இயற்பியல்காரர். அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் அணுவைப் பிளந்து பெயர் வாங்கிய காலம் அது. இவரோ 1933-ல் லண்டனை ஒட்டிய நார்த்வுட்டில் இருந்த மவுண்ட் வெர்னான் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார். கதிர் எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைத் துல்லியமாக அளக்காமல் நோயாளிக்குக் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், அளப்பதற்கு வழி செய்தார். பிராக்-கிரே கோட்பாடு என்று எங்கள் பயிற்சியில் மனப்பாடம் செய்த சூத்திரம் அவருடையதுதான். நியூட்ரான் கதிர் தரும் கருவி ஒன்றை அங்கேயே கட்டி, அவரை விதையின் வேரில் கதிரைச் செலுத்தி, அந்த வேர் எவ்வளவு வளர்கிறது என்று அளந்து பார்த்தார்கள் அவரும் அவருடைய சகாக்களும். மருத்துவமனையில் உட்கார்ந்துகொண்டு வேரை அளக்கும் பொறுமை எத்தனை பேருக்கு வரும்!

1946-ல் ஹேமர்ஸ்மித் மருத்துவமனை ஆய்வுப் பிரிவுக்குப் போனார். 1953-ல் அவரும் நான்கு பேரும் சேர்ந்து எழுதிய கட்டுரை வந்தது. கதிர் பாயும் அந்த நேரத்தில் செல்லில் ஆக்சிஜன் இருந்தால்தான் கதிர் முழுதாக வேலை செய்யும், ஆக்சிஜன் இல்லாத செல்லைக் கொல்ல இரண்டரை முதல் மூன்று மடங்கு வரை கதிர் வேண்டியிருக்கும் என்பது அதன் சாரம். அதே ஆண்டில், எதை ஆராய்வது என்பதில் வந்த கருத்து வேறுபாட்டால் அவர் அந்த இடத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. வாழ்க்கையின் மிக முக்கியமான வேலையைச் செய்த ஆண்டிலேயே வேலையை இழந்தவர் அவர். மறுபடி மவுண்ட் வெர்னானுக்கே திரும்பி, புற்றுநோய் ஒழிப்புக்காக நன்கொடை திரட்டும் ஓர் அமைப்பின் பணத்தில் புதிய ஆய்வுக்கூடத்தை உருவாக்கினார். 1955-ல் தாம்லின்சன் என்ற ஆய்வாளரும் அவரும் நுரையீரல் கட்டிகளின் துண்டுகளை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ரத்தக் குழாயிலிருந்து சுமார் 150 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு தூரம் வரைதான் ஆக்சிஜன் எட்டுகிறது, அதற்கு அப்பால் செல்கள் செத்துக் கிடக்கின்றன என்று கண்டார்கள். அந்த எல்லையில் பாதி உயிரோடு பதுங்கியிருக்கும் செல்கள்தான் கதிருக்குத் தப்புகின்றன. 1965-ல் 59 வயதில் கிரே இறந்துபோனார். பத்து வருடம் கழித்து, 1975-ல், உலக நாடுகள் சேர்ந்து கதிர் அளவுக்கு அவர் பெயரை வைத்தன.

இது எங்கோ இங்கிலாந்துக் கதை என்று தாங்கள் நினைக்கக் கூடாது. "ஏம்மா, ஒரே நாளில் கொடுத்து முடித்தால் என்ன? எதற்கு முப்பது நாள் பஸ் ஏறி வரணும்?" என்று என்னிடம் கேட்காத நோயாளி இல்லை. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும்போது வெளிப்புறச் செல்கள் சாகின்றன, உள்ளே மூச்சு முட்டிக் கிடந்த செல்களுக்கு ஆக்சிஜன் எட்டுகிறது, அடுத்த நாள் அவை கதிரிடம் மாட்டிக்கொள்கின்றன. நல்ல செல்களுக்கோ இடையில் தங்களைச் சரிசெய்துகொள்ள நேரம் கிடைக்கிறது. இதைத்தான் நான் என் பாஷையில் சொல்லிச் சொல்லி அவர்களை மறுநாள் வரவைத்தேன். சிகிச்சை நடக்கும்போது பீடியைத் தொடாதே என்று டாக்டர் கண்டிப்பதும் இதனால்தான். பீடிப் புகை ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயோடு வரும் பெண்கள் பலருக்கு, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் ஏழோ எட்டோதான் இருக்கும். முதலில் ரத்தம் ஏற்று என்பார் டாக்டர். எதற்கு என்று தெரியாமல், ரத்தம் கொடுக்க வேண்டிய சொந்தக்காரர்கள் ஓடிவிடுவார்கள். அவர்களைத் துரத்திப் பிடித்து விளக்கிய நாட்கள் எனக்கு நினைவிருக்கின்றன.

மனதில் கிடப்பதை இந்தக் கடிதத்திலேயே சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் தங்கள் கேள்வி-பதில் பகுதியில், கதிர் சிகிச்சை எடுத்தவர்கள் கைக்குழந்தையைத் தூக்கக் கூடாது என்று பதில் வந்தது. தைராய்டுக்காக ரேடியோ அயோடின் குடித்தவர்களுக்குச் சில நாள் அப்படிக் கட்டுப்பாடு உண்டு. வெளியிலிருந்து மெஷினில் எடுத்துக்கொள்பவர்களுக்குக் கிடையாது. கோபால்ட் மூடிக்கொண்ட அந்த நொடியோடு சரி, உடம்பில் கதிர் எதுவும் தங்காது. தங்கள் பதிலைப் படித்துவிட்டு ஒரு பாட்டியம்மாள் மூன்று மாதம் பேரனைத் தொடாமல், தனித் தட்டு, தனிப் பாய் என்று இருந்தார். என்னிடம் வந்து சொன்னபோது அழுதார். அப்போதும் இதழில் போடச் சொல்லித் தங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். வரவில்லை.

அதற்கும் முன்னால், புற்றுநோயைக் கரைக்கும் கீரைச் சாறு என்று இரண்டு பக்கம் போட்டீர்கள். பதினான்கு 'கரன்ட்' (ஒரு நாள் கதிர் சிகிச்சையை மக்கள் அப்படித்தான் சொல்வார்கள்) முடிந்திருந்த ஒரு பெண் அதை நம்பி நின்றுவிட்டாள். நான்கு மாதம் கழித்து வந்தாள். விட்ட இடத்திலிருந்து தொடரவும் முடியாது, மறுபடி முதலிலிருந்து கொடுக்கவும் முடியாது. இடைவெளி விட்டால் மிச்சமிருக்கும் செல்கள் பெருகிவிடும், ஏற்கெனவே வாங்கிய கதிரையோ உடம்பு மறக்காது. அந்தப் பெண்ணின் அட்டையில் '28 கிரே' என்று என் கையால்தான் எழுதி வைத்திருந்தேன். அதைப் பற்றி எழுதிய கடிதமும் வரவில்லை.

மக்கள் 'கரன்ட் வைக்கிறார்கள்' என்று சொல்வதை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. "இன்னும் எத்தனை கரன்ட் பாக்கி?" என்று கேட்டால் "பதினொன்று" என்று நானும் அதே சொல்லில் பதில் சொல்வேன். அது அவர்கள் தங்களுக்குப் புரியும்படி ஆக்கிக்கொண்ட சொல். தாங்கள் பத்திரிகை நடத்துகிறவர்கள். தங்கள் அச்சில் வந்தால் உண்மை என்று நம்பி, கிழித்து எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். 1950-களிலேயே அடையாறில் கோபால்ட் மெஷின் வந்துவிட்ட ஊர் நம்முடையது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்தச் சிகிச்சையின் அளவுச் சொல்லை ஒருவர் சரிபார்க்கவில்லை என்றால் வருத்தமாக இருக்கிறது.

கோபால்ட் ஐந்தே கால் வருடத்தில் பாதியாகத் தேய்ந்துவிடும். இரண்டு நிமிடத்தில் முடிகிற சிகிச்சை நான்கு நிமிடம் ஆகும். நான் வேலை பார்த்த இடத்தில் புதுக் கோபால்ட் வாங்கப் பணம் ஒதுக்காமல் வருடக்கணக்கில் இழுத்தடித்தார்கள். காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் இரவு ஒன்பதுக்கும் வரிசை முடியாது. அந்த நாட்களில் ஒரு பத்திரிகையும் எங்களைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. இப்போது எழுதினீர்கள், எழுதியது இப்படி ஆகிவிட்டது.

நான் கேட்பது சின்ன விஷயம்தான். அடுத்த இதழில், கண்ணில் படுகிற இடத்தில், 'சாம்பல் என்று வந்தது தவறு, அது கிரே, ஒரு விஞ்ஞானியின் பெயர்' என்று இரண்டு வரி போடுங்கள். என் பெயர் போட வேண்டாம். இனிமேல் புற்றுநோய் பற்றி ஏதாவது மொழிபெயர்த்தால் தபாலில் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். காசு வேண்டாம், இரண்டே நாளில் படித்துத் திருப்பி அனுப்புகிறேன். திண்ணையில் வந்து உட்கார்ந்தவருக்குத் திங்கட்கிழமை முதல் நாள் சிகிச்சை. அதற்குள் தங்கள் இதழ் வராது என்று தெரியும். வந்தபிறகாவது அவர் மகளிடம் காட்டுவேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற கதிர் சிகிச்சை டெக்னீஷியன்,
கும்பகோணம்.